பாரிசவாதம் இல்லையாம்

ரயிலில் எதிரே இருப்பவர்களின் கதை காதில் விழுந்தால், எழும்பிப் போகிற ஆள் நானில்லை. கொடிகாமத்தில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். மூத்தவர் பனையோலைக் கடகத்தைக் காலடியில் வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார்:

"என்ரை மகளுக்கு வந்தது பாரிசவாதம் இல்லையெண்டு டொக்டர் சொல்லி என்ன, மச்சாள்? கலியாணம் நிண்டது நிண்டதுதானே."

"அவர் வடிவாப் பாத்துத்தான் சொன்னவரோ?"

"ஓம். முதலிலை கண்ணுக்குள்ளை மின்னினதோ எண்டு கேட்டார். விறைப்பு விரலிலை தொடங்கி மெல்ல மெல்ல வாய்வரைக்கும் ஏறினதோ, பிறகுதான் தலை இடிச்சதோ எண்டார். எல்லாத்துக்கும் ஓமெண்டாள் பிள்ளை. வாதமெண்டால் ஒரேயடியாய்க் கைகாலை விழுத்துமாம். இது ஒற்றைத் தலையிடியாம். பின்னேரமே நல்லாக் கதைச்சாள்."

"அதை மாப்பிள்ளையின்ரை தாய்க்குச் சொல்லேல்லையோ?"

"பொம்பிளை பாக்க வந்த இடத்திலை பிள்ளை வாய் குளறினதைத் தன்ரை கண்ணாலை கண்ட மனுசி. வாதக்காரியைத் தங்கடை தலையிலை கட்டப் பாத்தமெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டுது."

"அவவின்ரை வாய்க்கு ஒரு வாதம் வருதில்லையே."

மூத்தவர் சிரிக்கவில்லை. நாவற்குழிப் பாலம் வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப தலையிடி வந்தாலும் பிள்ளை சொல்லுறாளில்லை. அறைக்கதவைச் சாத்திப்போட்டுக் கிடக்கிறாள். நாளைக்கு உண்மையாய் வாதமே வந்தாலும் மறைச்சுப்போடுவாள், மச்சாள். அதுதான் கதவடியிலை நிண்டு சும்மா கூப்பிடுறனான். 'என்னணை அம்மா' எண்டு அவள் குளறாமல் கேட்டால்தான் அடுப்படிக்குப் போவன்."