பெரிய ஆளு இல்லன்னு எழுது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப செத்தாத்தான் சேர்ப்பாங்களாடா?" என்று அந்த அக்கா கேட்டதும் என் காது அங்கே போய்விட்டது.

"அப்படி இல்லக்கா. மாமா பாம்பு புடிக்கிறதைப் பத்தி நெட்டுல கலைக்களஞ்சியத்துல எழுதினேன் இல்ல? இவரு அவ்ளோ முக்கியமான ஆளா, பேப்பர்ல வந்த ஆதாரம் பத்தலயேன்னு சொல்றாங்க. வைக்கலாமா, தூக்கிடலாமான்னு பேசிக்கினு இருக்காங்க."

"அதை ஏன்டா அவருகிட்ட சொன்ன? முன்னெல்லாம் கொக்கியில புடிச்சி சாக்குல போட்டுக்கினு வந்துடுவாரு. இப்ப பேப்பர்காரன் வர்ற வரைக்கும் நல்ல பாம்பைக் கையில வச்சிக்கினு நிக்கிறாரு."

"மாமாவுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

"புடிச்சா பேப்பர்ல மூலையில போடுவான். கடிச்சி செத்தா பெருசா போடுவான். அதுவும் ஆதாரந்தானே?"

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் அக்காவின் போன் அடித்தது.

"எங்கங்க? மல்லாட்டை மூட்டைக்குள்ளயா? போட்டோக்கு ஆளு வருதா? ஐயோ, கையில எடுக்காதீங்க!"

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப அடித்தும் எடுக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை இப்பவே அழிச்சிடுடா."

"நான் எழுதினதுதான், ஆனா நானா அழிக்க முடியாதுக்கா. அவங்கதான் முடிவு பண்ணணும்."

"அப்ப அவங்களுக்கு எழுது. எம் புருஷன் ஒண்ணும் பெரிய ஆளு இல்லன்னு பொண்டாட்டியே சொல்றான்னு எழுது. ஜல்தியா எழுதுடா!"

கூட்டேரிப்பட்டு வந்ததும் மயிலம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். முருகா, அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். காப்பாற்று.