நல்லவன் என்று சொன்ன போன்

வடக்கனந்தலில் எங்கள் மோட்டார் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: என் அண்ணன் அன்புச்செல்வன், நான், அண்ணனின் போன். அண்ணி மலர்விழி சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு முன்பே போய்விட்டார். போனை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. கடைசியாகப் பேசியது அதுதான்.

அண்ணன் கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஓயாமல் பீடி. மூச்சிழுப்பு வந்து, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். மகள் அபிநயாவுக்காகப் பீடியை விட நினைத்தான். அதற்கான ஆப்பை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். ஜவ்வரிசி ஆலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன் நான். போன் நோண்டுவதைத் தவிர வேறு படிப்பு ஒட்டவில்லை.

அந்த ஆப் திட்டாது, பயமுறுத்தாது. உன்னிடம் உள்ள நல்லது எது என்று கேட்டுப் பதிந்துகொள்ளும். ஆசை வரும்போது பொத்தானை அழுத்தினால் நம் குரலிலேயே திருப்பிச் சொல்லும். தன்னை நல்லவன் என்று நம்புகிறவனுக்குக் கெட்டதைக் கைவிடத் தெம்பு வருமாம்.

அண்ணன் என் முன்னாலேயே பேசினான்: "காலேஜ உட்டுட்டு வந்த தம்பிய நான் கை உடல. அவனுக்கு நான்தான் சோறு போட்றேன். நான் நல்லவன்."

"அபிநயாவப் பத்திச் சொல்லேண்ணா."

"பெத்த பொண்ணுக்கு எல்லாரும்தான்டா செய்வான். இதான் நான் செஞ்ச நல்லது."

அவன் பொய் சொல்லவில்லை.

பீடி குறைந்தது. ஆசை வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடுவான். சாப்பிடும்போதும் போடுவான். டீக்கடை சின்னக்கண்ணு, "இன்னாடா இளமாறா, உங்கண்ணன் பீடிய உட்டுக்கினு வரான். நீ எப்ப அவன் சோத்த உடப் போற?" என்பார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். அபிநயாவும் ஆப் சொல்வதை ராகம் போட்டுச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் குடிகாரனை மோட்டார் கொட்டகையில் போட்டுப் பூட்டுவது வழக்கம். சித்தப்பாவை அப்பா அப்படித்தான் திருத்தினார். கத்தினாலும் திறக்கக் கூடாது. மிச்சப் பீடியையும் விடுவதற்காக, தன்னையும் அப்படிப் பூட்டச் சொல்லி அண்ணனே கேட்டான். "நான் கெஞ்சுவேன். தொறந்துடாதடா."

பூட்டிய கொட்டகைக்குள் பூச்சிமருந்து நெடி. மத்தியானத்துக்குள் இருமல் கேட்டது. "தம்பி, மூச்சு முட்டுது, தொறடா."

"ஆப்ப அழுத்துண்ணா" என்றேன்.

அழுத்தினான். தம்பிக்குச் சோறு போடுவதாகவும், தான் நல்லவன் என்றும் சொன்னது. பலமுறை சொன்னது. கதவைத் தட்டுவது நின்றபின் ஒருமுறை முழுசாக ஓடி அடங்கியது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

பீடி ஆசையில் கத்துகிறான் என்று நினைத்ததாக அண்ணியிடம் சொன்னேன். நம்பினார். அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார். பிறகு ஒருநாள் என் அழுக்குச் சட்டைகளைத் துவைக்க எடுத்தார். ஒரு பையில் அண்ணனின் உறிஞ்சும் மருந்து அவர் கையில் சிக்கியது. அதைத்தான் உங்கள் மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அன்று காலை கொட்டகை வாசலில் அவன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். "மருந்து இன்னாச்சுடா?"

"உள்ள தூக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், போண்ணா."

என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.