க்ளைவின் முழங்கால்

— காலைத் தளர விடுங்க க்ளைவ். இன்னொரு தடவை தட்டிப் பாக்கறேன்.

— தளரத்தான் விட்டிருக்கேன் டாக்டரம்மா. பண்ணையில ஓட்டற நாலு சக்கர பைக் கவுந்ததுலேர்ந்து இந்தக் கால் உருப்படியாச் செய்யற ஒரே வேலை அதான்.

— ம். திரையில உதையைக் காட்டற கோடு மறுபடியும் அதே உயரம்தான். போன மாசம் இதுல மூணு மடங்கு இருந்துச்சு. இப்போ மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த அளவுக்கே வந்துருச்சு. கேப்சூலை நிறுத்திட்டீங்களா?

— நானா? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, தவறினதே இல்ல. நோலீனைக் கேளுங்க. அவதான் டீயோட கொண்டாந்து தர்றா.

— ஆமா. நான்தான் தர்றேன்.

— கேட்டீங்களா? இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ சொல்றா. அதுவும் போக, நேத்து வீட்லேர்ந்து வெளிக்கேட் வரைக்கும் கைத்தடியோட நடந்து போனேன். ஆட்டு மந்தையே திரும்பிப் பாத்துச்சு.

— எவ்வளவு தூரம் இருக்கும்?

— எண்பது மீட்டர். திரும்பி வர்றப்போ பாதியில உக்காந்துட்டேன். அதை நோலீன் சொல்லுவா, அதனால நானே சொல்லிடறேன்.

— அதான் க்ளைவ் எனக்குக் குழப்பமா இருக்கு. முதுகுத் தண்டு நசுங்கின இடத்துல நரம்போட மேலுறை போயிருச்சு. அங்க பொட்டாசியம் கசியுது. சேதி பாதி வழியிலயே செத்துப்போகுது.

— மின்வேலியில ஈரப் புல் உரசினா கரண்ட்டெல்லாம் மண்ணுக்குள்ள போயிரும். அந்தக் கதைதானே?

— ஏறக்குறைய அதான். இந்த மருந்து கசியற கதவை அடைக்குது, சேதி தாண்டிப் போகுது. முழங்கால்ல தட்டினா அதனாலதான் பெருசா உதைக்குது. உதை குறைஞ்சுருச்சுன்னா உடம்புல மருந்து இல்லன்னு அர்த்தம்.

— பக்கத்துப் பண்ணைல இதே சரக்கைத் தானியத்துல கலந்துதான் குருவி விரட்டறான். தின்னது ஒண்ணு ரெண்டு கத்திக்கிட்டே துடிச்சு விழும், மத்ததெல்லாம் பயந்து பறந்துரும். முதல்ல கேட்டப்போ சிரிச்சேன்.

— அது சிரிக்கற விஷயம் இல்ல. அளவு கூடினா, சிலருக்குக் கூடாமலேயும், மூளையில இருக்கற கதவும் அடைஞ்சு வலிப்பு வரும். ஒரே ஒரு தடவை வந்தாக்கூட மருந்தை நிறுத்திருவேன், முதல் நாளே சொன்னேன். வந்துச்சா?

— இல்ல.

— நோலீன்?

— அதான் இல்லன்னு சொல்றேனே. அவளை எதுக்குக் கேக்கறீங்க?

— க்ளைவ், நீ கொஞ்சம் வாயை மூடு.

— நோலீன், வேண்டாம். நீ சத்தியம் பண்ணிருக்க.

— பண்ணேன். ஆனா டாக்டர் நேராக் கேக்கறாங்க. வந்துச்சு டாக்டர், மூணு வாரம் முன்னாடி, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கற கொட்டகையில. கண்ணு மேல போயிருச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டான். நாலு நிமிஷம். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

— ஏன் உடனே கூப்பிடல?

— முழிச்சதும் என் கையைப் பிடிச்சு, யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா நிறுத்திருவாங்க, மறுபடி சக்கர நாற்காலிதான்னு அழுதான். இவன் அழுது நான் பாத்ததே இல்ல.

— நாற்காலியில உக்காந்தவனுக்குத்தான் தெரியும் டாக்டரம்மா. ஒரு வலிப்புதானே. எனக்கு அந்தக் கேட் வேணும். இதை நிறுத்தினா நாளைக்கு நான் கட்டில்லேர்ந்து எந்திரிக்க மாட்டேன்.

— க்ளைவ், அடுத்த தடவை நீங்க வண்டில இருக்கலாம், தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்கலாம். இன்னையோட நிறுத்தறேன், மன்னிச்சுக்கோங்க. நோலீன், மிச்சம் இருக்கற கேப்சூலைக் கொடுங்க. உடம்புல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்க ரத்தமும் கொஞ்சம் எடுக்கணும்.

— ரத்தம் எடுக்க வேண்டியதில்ல டாக்டர். அந்த வலிப்பு வந்த ராத்திரியே எல்லாத்தையும் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டேன். மூணு வாரமா அவன் முழுங்கறது கோதுமை மாவு. நேத்து கேட் வரைக்கும் நடந்ததும் அதை வச்சுத்தான்.