ஆணி ஏறும் வரைக்கும்

சோலைமலை: ...கிட்ட வா தம்பி. யானை என்ன நாயா, கடிக்கிறதுக்கு?

யோசேப்பு: கடிப்பான்னு யாருண்ணே சொன்னா? மிதிச்சான்னா...

சோலைமலை: பத்து வருசமா என் கூடத்தான் கெடக்கான். என்னைய மிதிச்சானா?

யோசேப்பு: நீங்க பாகன். நான் போடியில மோட்டார் ரிப்பேர் பாக்குறவன். எனக்கும் அவனுக்கும் என்ன ஒறவு?

சோலைமலை: அப்ப ஒன் ஜாக்கியையே கூப்பிட்டுக்க, போ.

யோசேப்பு: அதுதான் சேத்துக்குள்ள போய் ஒக்காந்துக்கிருச்சே... தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீக.

சோலைமலை: குரங்கணி மலைக்கு மேல பாரு, வானம் எப்படிக் கறுத்திருக்குன்னு. வெள்ளம் எறங்குச்சுன்னா இந்த டிராக்டரு ஆத்தோட போயிரும். எனக்கும் கோவாலனுக்கும் மரம் இழுக்குற சோலி கெடக்கு, வழியை மறிச்சுக்கிட்டுக் கெடக்கு இது.

யோசேப்பு: எஸ்டேட்டுத் தொரை கப்பலேறுறப்ப அவருகிட்ட வாங்குனது. சண்முகத்தாயக்கா பிள்ளை மாதிரி வளத்த வண்டிண்ணே. ஆள் கூட்டியாரேன்னு அழுதுக்கிட்டே ஓடுறாக.

சோலைமலை: அம்புட்டுப் பாசமா வளத்தும் ஏன் மூக்குக் குப்புற விழுந்துச்சு?

யோசேப்பு: பாசந்தான் விழ வச்சுச்சு. முன்னச்சுக்கு நடுவுல ஒத்தை ஆணி. மூக்குப் பாரம் மொத்தமும் அதுலதான். அக்கா அதுக்கு மாட்டுவண்டி மையைப் போட்டிருக்காக... வைக்கோல் சாம்பல் கலந்த மை. போட்டுப் போட்டு அரம் மாதிரி அராவித் தின்னுருச்சு. இந்தா, ஒடிஞ்ச துண்டு.

சோலைமலை: ஆத்தாடி... இம்புட்டூண்டு ஆணியா அம்புட்டு வண்டியையும் தாங்குச்சு?

யோசேப்பு: நான் தெனம் பாக்குறேன், எனக்கே நம்ப முடியலண்ணே. மூக்கைத் தூக்கிக் குடுங்க. நான் அடியில படுத்து அச்சைச் சேத்து வச்சுப் புது ஆணியை அடிச்சிருவேன். அப்பறம் பாரம் சக்கரத்துக்குப் போயிரும்.

சோலைமலை: இந்த மரத்தை மூக்குக்கு அடியில குடுப்போம். ஒரு முனை பாறையில கெடக்கட்டும். மறுமுனையைக் கோவாலன் கொம்புல ஏந்தி, தும்பிக்கையால சுத்திப் பிடிச்சுக்குவான். தூக்குனதும் முட்டுக்கட்டை வச்சிருவோம். பாரம் கட்டைக்கு. அவன் சும்மா நிப்பான்.

யோசேப்பு: அப்படின்னா சரி. கட்டையை நம்பித்தான் போறேன், அவனை நம்பி இல்ல.

சோலைமலை: எதை நம்பியோ போ. ஆனா ஒண்ணு... உள்ள போய்க் கத்தக் கூடாது. சம்மட்டிச் சத்தம் அவனுக்குப் பழக்கம். மனுசக் குரல் எகிறுச்சோ, மரத்தைப் போட்டுட்டு ஓடிருவான், கட்டையும் சரிஞ்சிரும்.

யோசேப்பு: வாயே தொறக்க மாட்டேன்.

சோலைமலை: அதுவும் ஆகாது. பேச்சு நின்னா என்னமோ ஏதோன்னு தலையைத் திருப்புவான். ஒரே சீராப் பேசிக்கிட்டே இருக்கணும். கோவாலா... பொக்கு... பொக்கு மோனே...

யோசேப்பு: பொக்குன்னா?

சோலைமலை: தூக்குன்னு. பய மலையாளக் கரையில வளந்தவன்.

யோசேப்பு: ஏசப்பா... தூக்குறாண்ணே! ஒரு முக்கல் இல்ல, முனகல் இல்ல...

சோலைமலை: மெதுவாப் பேசு! கட்டையைத் தள்ளு... ம், நின்னுருச்சு. போ வெரசா.

யோசேப்பு: போயிட்டேன்... அண்ணே, தும்பிக்கை என் மூஞ்சிக்கு நேரா மரத்தைச் சுத்திக்கிட்டு நிக்குது. மூச்சு துருத்தி மாதிரி அடிக்குது.

சோலைமலை: நல்லது. பேசு, பேசு. வீட்ல என்ன கொழம்பு?

யோசேப்பு: கருவாடு. லில்லி மாசமா இருக்கா, அந்த வாடையே ஆகல. இருந்தாலும் எனக்காக மூக்கைப் பொத்திக்கிட்டு வைக்கிறா.

சோலைமலை: கொடுத்து வச்சவன். என் வீட்ல கோவாலனுக்குக் கவளம் உருட்டுன மிச்சந்தான் எனக்கு...

யோசேப்பு: அண்ணே.

சோலைமலை: ம்.

யோசேப்பு: என்னமோ படார்னு...

சோலைமலை: அவந்தான். மூங்கி கெடந்துச்சு, ஒடிச்சுத் திங்கிறான்.

யோசேப்பு: ...ஓ.

சோலைமலை: ம். சொல்லு. என்ன கருவாடு?

யோசேப்பு: நெத்திலி... அச்சு ஒரு விரக்கடை தள்ளி நிக்குது. நகட்டுறேன்... அண்ணே, போடிப் பக்கம் போனீகன்னா லில்லிகிட்ட ஒரு சேதி சொல்லணும்.

சோலைமலை: என்ன சேதி?

யோசேப்பு: பிள்ளைக்குத் தொட்டில் கயிறு வாங்கிட்டேன், பரண்ல இருக்குன்னு.

சோலைமலை: நீயே போய்ச் சொல்லு. எனக்கு... சோலி கெடக்கு.

யோசேப்பு: ...சரி. நானே சொல்றேன். துளை சேந்துருச்சு. அடிக்கப் போறேன்.

சோலைமலை: அடி. நில்லு மோனே... நல்ல பிள்ளை... நில்லு...

யோசேப்பு: பாதி ஏறிருச்சு.

சோலைமலை: பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?

யோசேப்பு: ஆம்பளைன்னா எங்கப்பன் பேரு. பொம்பளைன்னா... இன்னும் ஒரு அடி... லில்லி இஷ்டம். ஏறிருச்சுண்ணே. ஆணி கழறாம கொக்கியும் மாட்டிட்டேன். எறக்கச் சொல்லுங்க.

சோலைமலை: தாழ்த்து மோனே... மெல்ல... மெல்ல...

யோசேப்பு: சக்கரத்துல நின்னுருச்சு. வந்துட்டேன், இந்தா... ஏண்ணே, நீங்க ஏன் ஒக்காந்துட்டீக?

சோலைமலை: தம்பி, அங்க பாரு... கட்டை.

யோசேப்பு: ம்.

சோலைமலை: ரெண்டாப் பிளந்து கெடக்கு. நீ கருவாட்டைச் சொல்லிக்கிட்டு இருக்கையிலயே. மூங்கின்னு பொய் சொன்னேன்... உண்மையைச் சொன்னா நீ கத்தியிருப்ப, அவன் போட்டுருப்பான். நான் ஒரு சொல்லும் சொல்லல தம்பி. கட்டை பிளந்ததும் தானா ஒரு அடி முன்ன வச்சு மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கிட்டான். முன்னங்காலு ரெண்டும் நடுங்குது, விடல. பத்து வருசமா நாந்தான் இவனைப் பழக்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்... இவன் யாருன்னே எனக்குத் தெரியாது.

யோசேப்பு: தும்பிக்கைதான் என் மூஞ்சிக்கு நேரா மரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சே... எதை வச்சுண்ணே மூங்கி ஒடிப்பான்? அப்பவே தெரிஞ்சுபோச்சு. காலு நடுங்குனதையும் பாத்தேன். வெளிய வந்தா மரத்துல இடிச்சிருவேன், பாரம் நழுவிரும்... அதான் கயித்துச் சேதியை ஒங்ககிட்டக் குடுத்துட்டு ஆணியைப் பாத்தேன், குரல் எகிறாம. அண்ணே... இப்பவாச்சும் ஒரு தடவை கத்தி அழுதுக்கிறட்டுமா? இல்ல, வேணாம். அவன் மிரளுவான்.