ரப்பரையே திரும்பப் போடு

— ஆளை எண்ணிக்கலாம். மோசஸ் நான் இருக்கிறேன். என் மகன் டெனின் இருக்கான். பட்டறைக்காரன் பிரசாத்து நீ இருக்கே. நாலாவதா இங்க ஒருத்தரும் இல்லை. ஷட்டரை இறக்கு.

— ஏனுங்கய்யா, பட்டப்பகலுங்க. இந்நேரத்துல ஷட்டரை இறக்குனா பக்கத்து டீக்கடைக்காரன் என்னமோ ஏதோன்னு வந்து தட்டுவான்.

— தட்டட்டும். இறக்கு.

— இறக்கிட்டனுங்க.

— இனி நேரா சொல்லு. காலையில என் மகன் வந்து உன்கிட்ட என்ன கேட்டான்?

— அதைத்தானுங்க போன்ல சொன்னேன். 'போன வாரம் போட்டியே மஞ்சள் புஷ்ஷு, அத்தனையும் கழட்டு, பழைய ரப்பரையே திரும்பப் போடு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. இந்த யூரித்தேன் புஷ்ஷு வேணும்னு தம்பி பெங்களூர் வரைக்கும் அலைஞ்சாருங்க. வந்ததும் எடுத்துட்டு ஓடி வந்தாரு, புதுசாக் கல்யாணமானவனாட்டம். ஒரு வாரத்துல கழட்டுன்னா? கெரகம், நான் ஏதாச்சும் தப்பா மாட்டிப்புட்டனோன்னு பயந்துதான் உங்களைக் கூப்பிட்டேன்.

— அப்பா, இவன் சும்மா பெருசாக்குறான். சத்தம் வருதுப்பா. பள்ளத்துல இறங்குனா கிச்சுக் கிச்சுங்குது. அவ்வளவுதான் மேட்டர்.

— பிரசாத்து, சத்தம் வருதா?

— வெலிங்டன் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வந்தனுங்க. தம்பியும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. கிரீஸ் வெச்சு மாட்டுனது. ஒரு முக்கல் முனகல் இல்லை.

— கேட்டியாடா?

— சரி, சத்தம்கூட இல்லப்பா. கல்லாட்டம் இருக்கு. முதுகு போகுது. ரப்பர்னா ஸ்மூத்தா இருக்கும்.

— ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சர்ச்சு வாசல்ல நின்னு என்ன பீத்துன? நானும் பக்கத்துலதான் நின்னேன். 'ரப்பர் புஷ்ஷு பூராத்தையும் முழுங்கிரும், இது எதையும் முழுங்காது. ரோட்டுல ஒரு பீடித்துண்டு கெடந்தாலும் எந்தச் சக்கரம் ஏறுச்சுன்னு என் கைக்குத் தெரியும்'னு சொன்னே. பாஸ்டரே வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு. அன்னிக்கு முதுகு வலிக்கலையா?

— அது பேச்சுக்குச் சொன்னதுப்பா.

— பேச்சுக்கு. ஏன் பிரசாத்து, அது பொய்யா?

— கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாருங்க. ஆனா பொய்யில்லை. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஆர்ம் இருக்குதில்லைங்க, அது வண்டியோட சேர்ற எடத்துலதான் இந்தப் புஷ்ஷு. ரப்பர்னா அமுங்கி அமுங்கி அடியை வாங்கிக்கும். இது அமுங்காது. ரோட்டுல என்ன இருக்குதோ அது நேரா ஸ்டியரிங்குக்கு வரும். வளைவுல வண்டி அலையாம நிக்கோணும்னுதானே போடுறது.

— நேத்துச் சாயங்காலம் எங்கடா போனே?

— கோத்தகிரி. பிரெண்டு சுபின் ஊட்டுக்கு.

— எந்த வழியா?

— ஜெகதளா வழியாத்தான். எப்பவும் போறதுதானே.

— மாரிச்சாமி அடிபட்டுக் கெடந்தது எந்த வழி?

— எந்த மாரிச்சாமி?

— அய்யய்யோ! வாயில அடிக்காதீங்கய்யா! ஒதடு கிழிஞ்சு போச்சு பாருங்க!

— கிழியட்டும். எந்த மாரிச்சாமின்னா கேக்குறே? பதினஞ்சு நாளைக்கு முன்னால ஜெகதளா பஸ் ஸ்டாப்புல, இலை எடுக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் பார்க்க உன் கன்னத்துல வெச்சானே, எஸ்டேட்டு சூப்பர்வைசரு, அந்த மாரிச்சாமி. அவன் கை பதிஞ்ச மூஞ்சியோட ஊட்டுக்கு வந்து சோறு தின்னியே, அந்த மாரிச்சாமி. இப்போ ஞாபகம் வருதா?

— வருதுப்பா.

— அய்யா, கோவிச்சுக்காதீங்க. போன்ல சொல்லாத ஒண்ணு இருக்குதுங்க. நானே கண்ணை மூடிக்கலாம்னுதான் இருந்தேன்.

— சொல்லு.

— வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். முன்னாடி இடது பக்கத்து ஆர்ம்ல கம்பளி நூலு சுத்தியிருக்குது. புத்தம் புது மஞ்சள் புஷ்ஷு மேல ஆரஞ்சு நூலு, கண்ணுல அறையுது. மாரிச்சாமி எப்பவும் கழுத்துல ஒரு ஆரஞ்சு மப்ளர் போட்டிருப்பாருல்லங்க.

— பிரசாத்து அண்ணா, உன்னை அண்ணன்னு கூப்பிட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.

— செருப்பு எதுக்கு, உங்கப்பா கையே போதும் தம்பி. எம் பட்டறையில வண்டி நிக்குது. நாளைக்குப் போலீஸ் வந்தா மொதல்ல மிதி வாங்குறது நான்.

— ரெண்டு பேரும் வாயை மூடுங்க. டெனின், என் மூஞ்சியைப் பாரு. என்ன நடந்தது?

— மூடுபனிப்பா. ஒண்ணுமே தெரியலை. வளைவுல லைட்டா ஏதோ தட்டுச்சு. கல்லுன்னு நெனைச்சேன். ஆளுன்னு சத்தியமாத் தெரியாது. காலையில ஊர்ல பேசிக்கிறதைக் கேட்டப்புறம்தான் பயந்தேன்.

— பயந்தவன் பாஸ்டர்கிட்டப் போகலை, வக்கீல்கிட்டப் போகலை. மெக்கானிக்குகிட்ட வந்து ரப்பரைப் போடுங்கிறே. ஏன்?

— அப்பா...

— நான் சொல்லட்டுமா? யாராவது கேட்டா, 'சாதா ரப்பர் புஷ்ஷுங்க, கல்லு ஏறுச்சா ஆளு ஏறுச்சான்னு ஒண்ணும் தெரியலைங்க'ன்னு கையைக் கட்டிக்கிட்டுச் சொல்ல. தெரியாதுங்கிற ஒரு வார்த்தைக்காக வண்டியோட எலும்பையே மாத்தப் பார்த்தே. வா இங்க. இந்தக் கையைக் குடு.

— எதுக்குப்பா? விடுங்கப்பா!

— அய்யா! அது பிரஸ்ஸுங்க! புஷ்ஷு ஏத்துற பிரஸ்ஸு! கையை அதுக்கடியில வெக்காதீங்க!

— பிரஸ்ஸுன்னு தெரியும். ஃபாக்டரியில முப்பது வருஷம் இதைவிடப் பெரிய பிரஸ்ஸு முன்னால நின்னவன் நான். எத்தனை அழுத்துனா எது ஒடையும்னு எனக்கு நீ பாடம் எடுக்காதே. அக்கட்டால போ.

— பத்து டன்னுங்க! எலும்பு ராகி மாவாட்டம் ஆயிரும்!

— ஆடாதே டெனின். ஆடுனா நகத்தோட போகும். இந்த ஒரு விரலு மட்டும் போதும். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விரலு. எல்லாம் தெரியுற விரலு. நேரா சொல்லு. தெரிஞ்சுதா, தெரியலையா?

— தெரியலைப்பா!

— லீவரை ஒரு பம்ப்பு அடிச்சாச்சு.

— அம்மா! அப்பா, வலிக்குது, வலிக்குதுப்பா!

— இன்னும் தொட்டுக்கிட்டுத்தான் நிக்குது, சரியா அழுத்தவே இல்லை. தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது! தெரிஞ்சுதுப்பா!

— என்ன தெரிஞ்சுது?

— ஆளுன்னு தெரிஞ்சுது. தூரத்துலயே தெரிஞ்சுது. அந்த மப்ளர்தான். பனியிலயும் ஆரஞ்சாத் தெரிஞ்சுது. தனியா நடந்து போய்க்கிட்டிருந்தான்.

— மேல சொல்லு.

— பின்னாடியிருந்து தட்டுனேன். குப்புற விழுந்தான், மப்ளர் கழண்டு சக்கரத்துக்கடியில போச்சு. காலு ரெண்டும் ரோட்டுல, ஒடம்பு தேயிலைக்குள்ள. முன் சக்கரம் ஏறுச்சு, கையில தெரிஞ்சுது. பின் சக்கரம் ஏறுச்சு, சீட்டுல தெரிஞ்சுது. எலும்பு போற சத்தம் காதுக்கு வரலைப்பா, கைக்கு வந்துச்சு.

— அட கெரகமே. தம்பி, போதும், சொல்லாதே.

— சொல்லட்டும். அப்புறம்?

— நிறுத்துனேன்.

— எதுக்கு நிறுத்துனே? தூக்கவா?

— இல்லை.

— நேரா சொல்லுடா.

— எந்திரிக்கப் பார்த்தான். கண்ணாடியில தெரிஞ்சுது. தேயிலைச் செடியைப் பிடிச்சு எந்திரிக்கப் பார்த்தான். ரிவர்ஸ் போட்டேன்.

— ரிவர்ஸ் போட்டு?

— மறுபடியும் ஏத்துனேன். அப்புறம் முன்னால போனேன். போதுமா? இப்போ கையை விடுங்கப்பா. தயவு செஞ்சு விடுங்க.

— ஏசப்பா! அய்யா, அதான் சொல்லிட்டாருல்ல? வால்வைத் தெறங்க. வெரலு நீலமாகுது.

— இரு. இன்னும் ஒரு கேள்வி இருக்கு. ஏன் ஏத்துனே?

— உங்களுக்குத் தெரியாதா?

— உன் வாயால சொல்லு.

— நீங்கதான் சொன்னீங்க! ராத்திரி சோத்துத் தட்டு முன்னால உக்கார வெச்சு, அம்மா முன்னால, தங்கச்சி ஃபெபி முன்னால! 'எங்கப்பன் காலத்துல நம்ம மேல கை வெச்சவன் திரும்ப நடந்து போனதில்லை, நீ அடி வாங்கிட்டு வந்து மீன் கொழம்பு கேக்குறியா'ன்னு! பதினஞ்சு நாளும் அதையேதான் சொன்னீங்க! அவன் நடந்து போகக் கூடாதுன்னுதான் காலு மேல ஏத்துனேன்! நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்! எனக்கென்ன, நானாவா...

— செஞ்சதை அப்பன் தலையில கட்டுறியா?

— அப்பா! வேண்டாம், வேண்...

— யோவ்! யோவ் பெருசு! லீவர்லருந்து கையை எடுய்யா! எடுய்யான்னா! ஒடைஞ்சு போச்சுய்யா, சத்தம் கேக்கலை உனக்கு? தள்ளு! வால்வு எங்க... இந்தா தெறந்துருச்சு. தம்பி, கையை உருவு. பார்க்காதே, பார்க்காதே. இந்தத் துணியைச் சுத்திக்கோ. அய்யோ, ரத்தம் புடிச்சா நிக்க மாட்டேங்குதே.

— என்னைத் தள்ளிட்டே பிரசாத்து.

— தள்ளத்தானுங்க செஞ்சேன். பெத்த புள்ளைங்க. பெத்த புள்ளை விரலை நசுக்குறவன் மனுசனுங்களா?

— ஒரு விரலுதான். கட்டுப் போட்டா சரியாயிரும். முதுகெலும்பு இல்லாததுக்கு எந்த டாக்டர் கட்டுப் போடுவான்? முதல்ல சத்தம்னான், அப்புறம் முதுகு வலின்னான், அப்புறம் கல்லுன்னான், கடைசியில அப்பான்னான். செஞ்சேன்னு சொல்ல இவனுக்கு ஒரு பிரஸ்ஸு வேண்டியிருக்கு.

— ஆஸ்பத்திரிக்கு... அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா.

— போலாம். அழாதே. மூக்கைத் துடை. பிரசாத்து, அந்த மஞ்சள் புஷ்ஷுல ஒண்ணைக்கூடக் கழட்டக் கூடாது. அந்த நூலையும் தொடக் கூடாது.

— போலீஸ் வந்தா காட்டுறதுக்குங்களா?

— கழட்டக் கூடாதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

— சரிங்க. இருங்க, ஆரோ தட்டுறாங்க. சொன்னேன்ல, டீக்கடைக்காரனா இருக்கும். ஆருங்க அது?

— பிரசாத்து, நான் சுப்பண்ணன். மோசஸ் அய்யா இங்க இருக்காருன்னாங்க. சித்தத் தெறப்பா.

— அய்யா! மாரிச்சாமி தம்பிங்க! தெறக்க வேண்டாம். நீங்க இல்லைன்னு சொல்லிடறேன்.

— நான் இருக்கும்போது இல்லைன்னு எவனும் சொல்ல வேண்டாம். தெற.

— அய்யா, கும்பிடறனுங்க. உங்க ஊட்டுக்குப் போனேன், இங்க வந்திருக்கீங்கன்னாங்க. அண்ணன் போயிருச்சுங்கய்யா. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து இப்போ கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான் போன் வந்துச்சு. கண்ணே முழிக்கலை. ஒரு வார்த்தை பேசலை.

— கேட்டேன். உக்காரு.

— உக்கார நேரமில்லைங்க. ரோட்டுல நம்மாளுங்க ஜீப்போட நிக்கிறாங்க. ஆரு அது, உள்ளாற முனகுறது?

— என் மகன். கையில அடி. நீ வந்ததைச் சொல்லு.

— ஃபாரஸ்ட்டுல இருந்து ரேஞ்சர் வந்திருக்காருங்க. ஜெகதளா பூரா ஒரே பேச்சு, காட்டுமாடு மிதிச்சிருச்சுன்னு. அண்ணன் கெடந்த எடத்துக்கு மேல தேயிலைக்குள்ள ஒரு கூட்டமே நின்னுச்சாம், போய்ப் பார்த்தவங்க சொல்றாங்க. காலு இருக்கிற நெலைமையைப் பார்த்தா நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். வேற எது அப்படி மிதிக்கும்? ஆனா ரேஞ்சர் நம்பாம இழுக்குறாரு. உங்க ஊடு அந்த வளைவுக்கு மேலதானுங்களே. 'ஆமா, அந்தக் கூட்டம் அங்கதான் திரியுது, நானும் பார்த்தேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வாக்குக்கு மேல அவரு கேக்க மாட்டாரு. மாடுன்னா அண்ணிக்கும் புள்ளைக்கும் ஃபாரஸ்ட்டுல நஷ்டஈடு குடுப்பாங்க.

— அப்பா. மாடுன்னு சொல்லிருங்கப்பா. ப்ளீஸ்பா.

— அய்யா, ஒரு நிமிசம் இப்படித் திரும்புங்க. காதுக்குள்ள சொல்றேன். இது கர்த்தராப் பார்த்துத் தெறந்து விட்ட கதவுங்க. மாடு வந்து மறுப்புச் சொல்லாது. அந்தப் பொம்பளைக்கும் நல்லது, உங்க ஊட்டுப் பேருக்கும் நல்லது. ஜீப்புல நிக்கிறவங்களை நெனைச்சுப் பாருங்க, இந்தப் பையனைக் கண்டதுண்டமா வெட்டிப்புடுவாங்க. ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.

— என்னங்கய்யா, ரகசியம்? அண்ணன் மேல உங்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்புல உங்க பையன் மேல கைநீட்டுனது தப்புத்தான். அண்ணன் பொண்ணு மேல உங்க பையன் கார் ஏறப் பார்த்துச்சு, பெத்தவனுக்குக் கோவம் வந்துருச்சு. செத்தவன் மேல மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. மாடுன்னு மட்டும் சொல்லிருங்க.

— சுப்பண்ணா, உங்கண்ணனை மாடு மிதிக்கலை. என் மகன் டெனின் காரை ஏத்துனான், திரும்பி வந்தும் ஏத்துனான். மோசஸ் மகனைக் கைநீட்டி அறைஞ்சவன் மாடு மிதிச்சுச் செத்தான்னு ஊருக்குள்ள எவனும் பேசக் கூடாது.