முழங்காலில் எச்சில் ஊறுமா என்று கேட்ட அம்மையாருக்கு

ஏட்டையும் நம்பாது, எழுத்தையும் நம்பாது, எங்களையும் நம்பாது, இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் திசு ஆய்வகத்தைக் கட்டிக் காத்த கண்டிப்பின் திருவுருவே! ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலை மிதித்த பின்னும், திசு பதிக்கும் மெழுகை உருக்கும் அடுப்பை அணைத்தார்களோ இல்லையோ என்ற ஐயத்தால் அடுத்த பஸ்ஸிலேயே புத்தூர் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்த பொறுப்பின் பேரொளியே! இன்று பணி ஓய்வு பெறும் முதுநிலை ஆய்வக நுட்பநர் திருமதி வெள்ளையம்மாள் அவர்களே! வணங்குகிறோம்.

போர்த்தும் எபிதீலியம், பிணைக்கும் இணைப்புத் திசு, சுருங்கி விரியும் தசை, சேதி சொல்லும் நரம்பு என நான்கே திசுக்களால் ஆனது மனித உடல் என்று படித்ததும் நம்பியவர்கள் நாங்கள். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் கண்ட பிறகே நம்பியவர் நீங்கள். நாங்கள் திசுவைச் சீவிச் சாயமேற்றிய ஸ்லைடுகளை எங்கள் முதுகுக்குப் பின்னால் மறுபடி பார்ப்பீர்கள். நீல நோட்டில் ஏதோ குறிப்பீர்கள். அது நிர்வாகத்துக்குப் போகும் கோள் என்றே சந்தேகித்தோம். நீங்கள் எங்களை நம்பவில்லை, நாங்கள் உங்களை நம்பவில்லை. ஆனாலும் வேலை ஒழுங்காகவே நடந்தது.

நான்காண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, முசிறி வாழை விவசாயி ராசாத்தியம்மாளின் முழங்கால் மூட்டுப் படலமும், உறையூர் நெசவாளர் நவநீதனின் கன்னத்து உட்புறச் சதையும் பயாப்சிக்கு வந்தன. ராசாத்தியம்மாளுக்கு எங்கிருந்தோ மூட்டுக்குப் பரவிய புற்று என்றும், நவநீதனுக்கு வெறும் வீக்கம் என்றும் அறிக்கைகள் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தன. உங்களுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வாயின் சளிப் படலத்திலும், நுரையீரலைச் சுற்றிய நீர்ப் படலத்திலும், தோலிலும் எபிதீலியம் உண்டு. மூட்டுப் படலத்தில் அது கிடையாது, இணைப்புத் திசு மட்டும்தான். ராசாத்தியம்மாள் பெயரிட்ட ஸ்லைடிலோ அடுக்கடுக்காய் எபிதீலியம், அதனடியில் குட்டியாய் ஓர் எச்சில் சுரப்பி!

“பரவினதாவே இருக்கட்டும் சார். முழங்கால்ல எச்சில் ஊறுமாங்க?” என்று மருத்துவரையே மடக்கினீர்கள். கையெழுத்து நின்றது. பெயர்ச் சீட்டைப் பாட்டிலில் ஒட்டாமல் மூடியில் ஒட்டியிருந்தோம். கழற்றி வைத்த மூடிகள் மாறிப் போயிருந்தன. ராசாத்தியம்மாள் வீக்கத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். புற்று இருந்தது நவநீதனுக்கு; அடுத்த வாரமே அறுவை நடந்தது. இன்றும் தறியில் உட்காருகிறார்.

மூடியில் ஒட்டிய கை யாருடையது? நீங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. எங்களில் பானுப்ரியா பூவரசனைச் சந்தேகித்தார், பூவரசன் பானுப்ரியாவைச் சந்தேகித்தார். இம்மடலை எழுதி வாசிக்கும் ஜெயக்குமாராகிய நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல நோட்டில் பெயர் ஏறியிருக்கும் என்று மூவருமே நடுங்கினோம்.

நேற்று பொறுப்பை ஒப்படைத்தபோது அந்த நோட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். விடுவோமா? அந்தத் தேதியைத்தான் முதலில் புரட்டினோம். ‘மூடி மாறியது. இனி பெயர் பாட்டிலில்.’ அவ்வளவே. பிழைகள் பக்கம் பக்கமாய் இருந்தன. பிழை செய்தவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. வெட்கிப் போனோம், தாயே!

கண்ணொளி குன்றாது, கைந்நடுக்கம் காணாது, மூட்டு நோவாது, நூறாண்டு நலமுடன் வாழ்வீராக! கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலையும் வீட்டுக்குப் போனதும் வரிவரியாய்ச் சரிபார்ப்பீர்கள் என்று பலமாகச் சந்தேகிக்கிறோம். ஆகவே உங்கள் நோட்டில் விடுபட்ட ஒரு பெயரை இதிலேயே எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டை மூடியில் ஒட்டியவன் நான்தான்.

ஜெயக்குமார்,
ஆய்வகப் பணியாளர்கள் அனைவருக்காகவும்.