ஆந்தைக் காசின் கருப்பு

பழைய வெள்ளிக் காசைக் கழுவக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். புதிதாகச் சேர்க்கிறவர்கள் செய்யும் முதல் தப்பே அதுதான்.

கருத்த காசைப் பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். அது அழுக்கில்லை, வயசு. என்னிடம் இருந்தது ஏதென்ஸ் நகரத்துக் காசு. ஒரு பக்கம் அதீனா தேவி, மறுபக்கம் ஆந்தை. அந்த வெள்ளியை லாரியம் என்ற ஊரில் அடிமைகள் தோண்டினார்கள். நிமிர முடியாத பொந்துகளில் படுத்துக்கொண்டே தோண்டி, பலர் அங்கேயே செத்தார்கள். அவர்கள் பெயர்கூட இன்றைக்கு யாருக்கும் தெரியாது. காசு இருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் மச்சான் சிரிப்பான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால்தான் எனக்கு மனசு அடங்கும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பட்டறையில் எல்லாவற்றையும் கழுவுவார்கள். மெஷின், தராசு, ஸ்பேனர், எதுவும் தப்பாது. சாமி முன்னால் வைக்கலாம் என்று காசை நான்தான் மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். அந்தோணிராஜ் அதையும் கழுவிவிட்டான். சிவகாசிப் பக்கத்துக்காரன், வெகுநாளாக என்னிடம் சாயம் கலக்குகிறவன். ஆசிட்டில் ஊறவைத்து, பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டும் வைத்துக் கொண்டுவந்தான்.

"கன்னங்கரேல்னு கெடந்துச்சு, மொதலாளி. இப்பப் பாருங்க, எம் பொண்டாட்டி கொலுசு மாதிரி மின்னுது."

ஆந்தையின் கண் தேய்ந்திருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதனால் நான் ஆத்திரப்படவில்லை. "நல்லா இருக்குது கண்ணு" என்றேன். மறுநாள் பூசை முடிந்ததும் என் கையாலேயே அவனுக்குப் பொரி அள்ளிக் கொடுத்தேன்.

வெள்ளியைக் கருக்க வைக்கும் வாயு ஒன்று உண்டு. எங்கள் கழிவுத் தொட்டியில் அது நிறைய. காசை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது கருத்துத்தான் இருந்தது. ஆனால் அது அந்தப் பழைய கருப்பு இல்லை, அடுப்புக்கரியைப் பூசினது போல் இருந்தது. தொட்டியில் வாயு எவ்வளவு என்பது மட்டும் தெரிந்துபோயிற்று.

அந்தோணிராஜைக் கூப்பிட்டு, நூல் அறுந்து காசு தொட்டிக்குள் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. தன்னால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டான். அது நியாயம்தானே.

"நானே எறங்கி எடுத்துத் தாரேன், மொதலாளி. உள்ள காத்தடிக்க புளோயரை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக்கிடட்டுமா?"

"அது ரிப்பேருக்குப் போயிருக்குது கண்ணு. செத்த நேரத்து வேலைதான, மெதுவா எறங்கு."

புளோயர் ஸ்டோர் ரூமில்தான் இருந்தது. நீங்களே பார்த்திருப்பீர்கள். அவன் ஏணியில் பாதி தூரம் இறங்கியதும் கை பிடியை விட்டுவிட்டது. கூப்பிடக்கூட இல்லை. காசு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

விழுந்த சத்தம் கேட்டு அவன் மனைவி நதியா ஓடிவந்தாள். பக்கத்து ஷெட்டில் துணி மடிக்கிறவள். அவளும் ஏணியில் காலை வைத்துவிட்டாள். நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். என்னைக் கடித்தாள், நான் விடவில்லை. "எறங்காத கண்ணு, உள்ள விஷ வாயு இருக்குது, எறங்குனா செத்துப் போயிருவே" என்று தெளிவாக எடுத்துச் சொன்னேன்.

அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.